பார்த்துச் சமப்படுத்தவா, எழுத்துப் போட்டா, இலத்திரனை எண்ணியா?

சாதாரண தரப் பரீட்சை முடிந்து உயர்தர வகுப்புத் தொடங்குவதற்கு இடைப்பட்ட மாதங்களில், திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தாய் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தார். பிள்ளை கணிதத்தில் கெட்டிக்காரி. இரசாயனச் சமன்பாடு மட்டும் கைக்கு வரவில்லை. "ரீச்சர், ஒவ்வொரு ஆளும் ஒவ்வொரு மாதிரிச் சொல்லிக் குடுக்கினம். ஒராள் பார்த்துச் செய் எண்டுறார். மற்றவர் எக்ஸ், வை போட்டுச் செய் எண்டுறார். யூடியூப்பில இலத்திரனை எண்ணச் சொல்லுறாங்கள். பிள்ளை எதைப் பிடிக்கிறது?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. வருடா வருடம் யாராவது ஒருவர் என்னிடம் இதைக் கேட்கிறார். மூன்றுமே சரியான முறைகள்தான். ஆனால் எல்லா இடத்திலும் மூன்றும் ஒரே அளவுக்குக் கைகொடுக்காது. அதில் ஒன்று சில இடங்களில் பிள்ளையை ஏமாற்றியும் விடும். எதை எப்போது எடுப்பது என்று தெரியாததால்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

முதலில் அந்தப் பிள்ளையின் கொப்பியைத் திறந்து பார்த்தேன். ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து நீராகும் சமன்பாடு. பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதியதில் தாள் அந்த இடத்தில் மெலிந்து போயிருந்தது. இடப்பக்கம் ஒட்சிசன் 2, வலப்பக்கம் 1. அந்தக் குறையைத் தீர்க்க, நீரின் சூத்திரத்தில் ஒட்சிசனின் காலடியில் ஒரு சின்ன 2 போட்டிருந்தாள். எண்ணிக்கை சரியாகத்தான் வருகிறது. இரண்டு பக்கமும் ஐதரசன் 2, ஒட்சிசன் 2. ஆனால் வலப்பக்கம் இருப்பது இப்போது நீர் இல்லை, ஐதரசன் பேரொட்சைட்டு. புண் கழுவவும் தலைமயிரை வெளுக்கவும் எடுக்கிற திரவம் அது. "இதை ஒருத்தரும் குடிக்க ஏலாது மகள்" என்றதும் அவள் உடனே அழிறப்பரைத் தேடினாள்.

முன்னால் போடுகிற பெரிய எண் எத்தனை மூலக்கூறு என்று சொல்கிறது. காலடியில் இருக்கிற சின்ன எண் அது என்ன பொருள் என்று சொல்கிறது. முன்னதை மாற்றலாம், பின்னதைத் தொடக் கூடாது. எந்த முறையை எடுத்தாலும் இது மாறாது. இதில் பிடி இல்லாத பிள்ளைக்கு மேற்கொண்டு எந்த முறையைக் கற்பித்தும் பயன் இல்லை.

கீழே சூத்திரங்களுக்குப் பதிலாகப் பொருட்களின் பெயர்களையே எழுதுகிறேன், வாசிக்க அதுதான் சுகம். பயிற்சி செய்யும்போது சூத்திரமாக எழுதிச் செய்யுங்கள்.

பார்த்துச் சமப்படுத்துவதைத்தான் தரம் 10இல் எல்லோரும் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டியதும் அதுதான். நமது ஊர்க் கடற்காற்றுக்கு யன்னல் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். துருவில் நீரும் சேர்ந்தே இருக்கும். அதை விட்டுவிட்டு எளிய வடிவத்தை எடுப்போம்: இரும்பு + ஒட்சிசன் → பெரிக் ஒட்சைட்டு. பெரிக் ஒட்சைட்டில் இரும்பு 2, ஒட்சிசன் 3. ஒட்சிசன் வாயுவோ இரண்டு இரண்டாகத்தான் வரும். 2க்கும் 3க்கும் பொது மடங்கு 6. ஆக ஒட்சிசன் வாயு 3, பெரிக் ஒட்சைட்டு 2. ஒட்சைட்டு 2 என்றால் அதில் இரும்பு 4, எனவே இடப்பக்கமும் இரும்பு 4. நான்கு, மூன்று, இரண்டு. முடிந்தது.

இதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது, அதைப் பல பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு பக்கமும் ஒரேயொரு பொருளில் மட்டும் இருக்கிற மூலகத்தை முதலில் பிடிக்க வேண்டும். தனியாக நிற்கிற மூலகத்தை, அதாவது ஒட்சிசன் வாயு மாதிரியானதை, கடைசிக்கு விட வேண்டும். ஏனென்றால் அதன் எண்ணை மாற்றினால் வேறு எதுவும் குழம்பாது.

எரிவாயு அடுப்பை எடுத்துக் கொள்ளுங்கள். சிலிண்டருக்குள் இருப்பது பெரும்பாலும் புரோப்பேனும் பியூற்றேனும். பியூற்றேனில் காபன் 4, ஐதரசன் 10. எரிந்தால் காபனீரொட்சைட்டும் நீரும் வரும். காபன் 4 ஆகையால் காபனீரொட்சைட்டு 4. ஐதரசன் 10 ஆகையால் நீர் 5. இப்போது வலப்பக்க ஒட்சிசனை எண்ணினால் எட்டும் ஐந்தும் 13. ஒட்சிசன் வாயு இரண்டிரண்டாக வருவதால் ஆறரை மூலக்கூறு தேவை. இந்த இடத்தில்தான் பிள்ளைகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார்கள். அழிக்கத் தேவையில்லை. ஆறரை என்றே எழுதிவிட்டு, கடைசியில் முழுச் சமன்பாட்டையும் இரண்டால் பெருக்குங்கள்: பியூற்றேன் 2, ஒட்சிசன் 13, காபனீரொட்சைட்டு 8, நீர் 10.

இன்னொரு உத்தி, கூட்டமாக இருக்கிற அயனை (மின்னேற்றம் உள்ள அணுக்கூட்டத்தை) பிரிக்காமல் ஒரு பொட்டலமாகவே எண்ணுவது. குளத்து நீரின் கலங்கலைத் தெளியவைக்க அலுமினியம் சல்பேற்றும் சுண்ணாம்பும் போடும்போது, அலுமினியம் ஐதரொட்சைட்டு பஞ்சு பஞ்சாக உருவாகி அழுக்கை இழுத்துக்கொண்டு அடியில் படியும். அலுமினியம் சல்பேற்றில் அலுமினியம் 2, சல்பேற்றுப் பொட்டலம் 3. மறுபக்கத்துக் கல்சியம் சல்பேற்றில் பொட்டலம் 1. எனவே கல்சியம் சல்பேற்று 3, அதற்கு வேண்டிய கல்சியம் ஐதரொட்சைட்டும் 3, அலுமினியம் ஐதரொட்சைட்டு 2. ஐதரொட்சைட்டை எண்ணிப் பாருங்கள்: இரண்டு பக்கமும் 6. கந்தகம் எத்தனை, ஒட்சிசன் எத்தனை என்று தனித்தனியாக எண்ணியிருந்தால் இரண்டு நிமிடம் போயிருக்கும்.

சாதாரண தர விஞ்ஞானத்தின் முதலாம் வினாத்தாளில் 40 கேள்விக்கு 1 மணி நேரம். அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பது இந்த முறை மட்டும்தான். ஆகவே தரம் 11 வரைக்கும் வேறு முறையை நாட வேண்டாம் என்பதே என் கருத்து.

சரி, இது எங்கே உடைகிறது? ஐதான நைத்திரிக் அமிலத்தில் செப்பைப் போடும்போது. செப்பு நைத்திரேற்று, நைத்திரிக் ஒட்சைட்டு, நீர் ஆகிய மூன்றும் வரும். இங்கே நைதரசனைப் பிடித்தால் அது வலப்பக்கம் இரண்டு பொருட்களில் இருக்கிறது. ஒட்சிசனோ மூன்றிலும் இருக்கிறது. ஒன்றைத் திருத்தினால் மற்றது சாய்கிறது. கெட்டிக்காரப் பிள்ளை கூட இதைப் பார்த்தே செய்யப் போய்ப் பத்து நிமிடம் இழப்பாள்.

அப்போது அட்சரகணித முறை கவர்ச்சியாகத் தெரியும். ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் ஓர் எழுத்து, ஒவ்வொரு மூலகத்துக்கும் ஒரு சமன்பாடு. கணிதப் பிள்ளைகளுக்கு இது பிடித்த வேலை. இதைக் காட்ட எங்கள் மாவட்டத்து உதாரணம் ஒன்று இருக்கிறது. புல்மோட்டைக் கடற்கரையின் கறுப்பு மணலில் இல்மனைற்று என்ற கனியம் நிறைய உண்டு. அதன் சூத்திரத்தில் இரும்பு 1, தைற்றேனியம் 1, ஒட்சிசன் 3. புல்மோட்டையில் மணலிலிருந்து கனியத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். அதற்கு மேலான இரசாயன வேலை வேறு நாட்டுத் தொழிற்சாலைகளில் நடக்கிறது. அங்கே அதை உயர்ந்த வெப்பத்தில் குளோரீனோடும் காபனோடும் தாக்கமடையச் செய்தால் தைற்றேனியம் நாற்குளோரைட்டு, பெரிக் குளோரைட்டு, காபனோரொட்சைட்டு மூன்றும் கிடைக்கும். வெள்ளைப் பெயின்றின் வெண்மைக்குக் காரணமான தைற்றேனியம் ஈரொட்சைட்டை அந்த நாற்குளோரைட்டிலிருந்து எடுக்கலாம்.

இல்மனைற்று அ, குளோரீன் ஆ, காபன் இ, தைற்றேனியம் நாற்குளோரைட்டு ஈ, பெரிக் குளோரைட்டு உ, காபனோரொட்சைட்டு ஊ என்று வைப்போம். தைற்றேனியத்தைப் பார்த்தால் ஈயும் அவும் சமம். இரும்பைப் பார்த்தால் உவும் அவும் சமம். ஒட்சிசனைப் பார்த்தால் ஊ என்பது அவின் 3 மடங்கு. காபனைப் பார்த்தால் இயும் ஊவும் சமம். குளோரீன் அணுக்கள் வலப்பக்கம் நாற்குளோரைட்டில் 4, பெரிக் குளோரைட்டில் 3, ஆக அவின் 7 மடங்கு. இடப்பக்கம் ஆவின் 2 மடங்கு. அ என்பதை 1 என்று எடுத்தால் ஆ மூன்றரை. எல்லாவற்றையும் இரட்டித்தால் 2, 7, 6 தந்து 2, 2, 6. அழகாக வந்துவிட்டது. ஊகம் எதுவும் இல்லை, அழிப்பும் இல்லை.

செப்பு நைத்திரிக் அமிலக் கணக்கும் இப்படியே விழும்: செப்பு 3, அமிலம் 8, செப்பு நைத்திரேற்று 3, நைத்திரிக் ஒட்சைட்டு 2, நீர் 4. ஆனால் ஐந்து எழுத்து, நான்கு சமன்பாடு, இடையில் மூன்றின் கீழ்ப் பின்னங்கள். உயர்தர முதலாம் வினாத்தாளில் 50 கேள்விக்கு 2 மணி நேரம். ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடம் கூட இல்லை.

நேரத்தை விடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. அந்தப் பிள்ளையின் தாய் நாடியில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்ததும் இந்த இடத்தில்தான். சல்பூரிக் அமிலம் சேர்த்த பொற்றாசியம் பேர்மங்கனேற்றுக் கரைசலில் ஐதரசன் பேரொட்சைட்டை ஊற்றினால் ஊதா நிறம் மறைந்து ஒட்சிசன் குமிழ்கள் எழும். பேர்மங்கனேற்று 2, பேரொட்சைட்டு 5, சல்பூரிக் அமிலம் 3 சேர்ந்து பொற்றாசியம் சல்பேற்று 1, மங்கனீசு சல்பேற்று 2, நீர் 8, ஒட்சிசன் 5 தரும் என்பது சரியான சமன்பாடு. இப்போது இதைப் பாருங்கள்: பேர்மங்கனேற்று 2, பேரொட்சைட்டு 1, சல்பூரிக் அமிலம் 3, மறுபக்கம் பொற்றாசியம் சல்பேற்று 1, மங்கனீசு சல்பேற்று 2, நீர் 4, ஒட்சிசன் 3. அணுக்களை எண்ணுங்கள். ஐதரசன் இருபக்கமும் 8. ஒட்சிசன் இருபக்கமும் 22. பொற்றாசியம், மங்கனீசு, கந்தகம் எல்லாம் சரி. சமப்பட்டுத்தான் இருக்கிறது, ஆனால் தவறு. இப்படிச் சமப்படும் எண் கூட்டங்கள் இந்த ஒரே தாக்கத்துக்கு எண்ணற்றவை உண்டு. எழுத்துப் போட்டுச் செய்தால் மாறிகள் கூட, சமன்பாடுகள் குறைவு. எது உண்மை என்று அட்சரகணிதத்தால் சொல்ல முடியாது. பார்த்துச் செய்கிறவரும் இதே குழியில் விழலாம்.

ஏன் தவறு? பேர்மங்கனேற்றில் இருக்கிற மங்கனீசு ஒவ்வொன்றும் 5 இலத்திரன் வாங்குகிறது. இரண்டு மங்கனீசு 10 வாங்கும். ஒரு பேரொட்சைட்டு மூலக்கூறு ஒட்சிசனாகும்போது கொடுப்பது 2 இலத்திரன் மட்டும். அப்படியானால் 10ஐக் கொடுக்க 5 பேரொட்சைட்டு வேண்டும். அணுவை எண்ணினால் மட்டும் போதாது, இலத்திரனின் கொடுக்கல் வாங்கலையும் எண்ண வேண்டும்.

இலத்திரனை எண்ணுவதிலும் இரண்டு வழி உண்டு. ஒன்று ஒட்சியேற்ற எண்ணின் மாற்றத்தைப் பார்ப்பது. ஓர் அணு எத்தனை இலத்திரனைக் கொடுத்ததாக (+) அல்லது வாங்கியதாக (−) கணக்கு வைக்கிறோம் என்று காட்டுவதுதான் அந்த எண். மீண்டும் செப்பு: 0இலிருந்து +2, ஆக 2 கொடுக்கிறது. நைதரசன் +5இலிருந்து +2, ஆக 3 வாங்குகிறது. கொடுத்ததும் வாங்கியதும் சமப்பட செப்பு 3, நைத்திரிக் ஒட்சைட்டு 2. செப்பு நைத்திரேற்று 3 என்றால் அதற்குள் மாறாமல் இருக்கும் நைதரசன் 6. ஆறும் இரண்டும் 8, அதுதான் அமிலத்தின் எண். ஐதரசன் 8, எனவே நீர் 4. அரை நிமிட வேலை. பார்த்துச் செய்தபோது பத்து நிமிடத்தைத் தின்ற அதே சமன்பாடு!

மற்றது அரைத்தாக்க முறை. ஒட்சியேற்றம் (இலத்திரன் கொடுப்பது) தனி, தாழ்த்தல் (வாங்குவது) தனி என்று எழுதிச் சமப்படுத்தி, இலத்திரன் வெட்டுப்படும்படி பெருக்கிக் கூட்டுவது. பேர்மங்கனேற்று அயனின் 4 ஒட்சிசனுக்கு 4 நீர், அதற்கு 8 ஐதரசன் அயன், ஏற்றம் சமப்பட 5 இலத்திரன். பெரசு அயன் (இரும்பு +2) ஒன்று பெரிக் அயனாக (இரும்பு +3) மாற 1 இலத்திரன் கொடுக்கும். அதை ஐந்தால் பெருக்கிக் கூட்டினால் பேர்மங்கனேற்று 1, பெரசு 5, ஐதரசன் அயன் 8; மறுபக்கம் மங்கனீசு அயன் 1, பெரிக் 5, நீர் 4. ஏற்றத்தைச் சரிபாருங்கள்: இடப்பக்கம் −1, +10, +8, மொத்தம் +17. வலப்பக்கம் +2, +15, அதுவும் +17. உயர்தரச் செய்முறையில் நியமிப்பு (செறிவு தெரிந்த கரைசலைச் சேர்த்து மற்றதன் செறிவைக் காண்பது) செய்யும்போது பிள்ளை எழுத வேண்டியது இதைத்தான். கார ஊடகமாக இருந்தால், அமிலத்தில் செய்தது போலவே செய்து முடித்துவிட்டு, ஐதரசன் அயன் எத்தனையோ அத்தனை ஐதரொட்சைட்டு அயனை இருபக்கமும் கூட்டிவிடுங்கள். அதற்கென்று தனி விதி மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை.

இரண்டில் எது என்று கேட்டால், அயனாகத் தந்த கேள்விக்கு அரைத்தாக்கம், முழுப் பொருட்களாகத் தந்த கேள்விக்கு ஒட்சியேற்ற எண். பிற்பாடு மின்னிரசாயனம் படிக்கும்போது அரைத்தாக்கம் இல்லாமல் ஓரடியும் நகர முடியாது. நேரம் குறைவென்றால் அதை முதலில் பழகட்டும்.

ஆக எந்த முறை என்று தீர்மானிக்கப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டியது தாக்கத்தின் வகை. நமது பள்ளிக்கூடங்களில் வகையை ஒரு பாடமாகவும், சமப்படுத்தலை இன்னொரு பாடமாகவும் தனித்தனியே படித்து, தனித்தனியே மறக்கிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். வகை தெரிந்தால் முறை தானாகவே கைக்கு வரும்.

வகையை இனங்காண்பதிலும் இரண்டு பார்வை இருக்கிறது. ஒன்று வடிவத்தைப் பார்ப்பது. இரண்டு சேர்ந்து ஒன்றானால் சேர்க்கை. ஒன்று பிரிந்து பலவானால் பிரிகை. தனி மூலகம் ஒன்று சேர்வைக்குள் புகுந்து இன்னொன்றை வெளியே தள்ளினால் ஒற்றை இடப்பெயர்ச்சி. இரண்டு சேர்வைகள் துணையை மாற்றிக்கொண்டால் இரட்டை இடப்பெயர்ச்சி. தரம் 10க்கு இது போதும். மற்றது, யாருடைய ஒட்சியேற்ற எண்ணாவது மாறுகிறதா என்று பார்ப்பது. மாறினால் தாழ்த்தேற்றம், அதாவது இலத்திரன் கைமாறும் தாக்கம்; மாறாவிட்டால் இல்லை.

ஒரே தாக்கத்துக்கு இரண்டு பார்வையும் சேர்ந்தே பொருந்தலாம். இதில்தான் குழப்பம். மகனீசியம் எரிவது சேர்க்கையும்தான், தாழ்த்தேற்றமும்தான். சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது பிரிகை, ஆனால் அங்கே எந்த எண்ணும் மாறுவதில்லை. பேர்மங்கனேற்றைச் சூடாக்கி ஒட்சிசன் எடுப்பதும் பிரிகைதான், அதில் எண் மாறுகிறது. பிள்ளை நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு: ஒற்றை இடப்பெயர்ச்சி எப்போதும் தாழ்த்தேற்றம், இரட்டை இடப்பெயர்ச்சி ஒருபோதும் இல்லை. சேர்க்கையையும் பிரிகையையும் ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

வடிவம் மட்டும் பார்த்தால் ஏமாறும் இடமும் உண்டு. கடற்கரையில் பொறுக்கிய ஒரு சிப்பி ஓட்டை வினாகிரியில் போட்டுப் பாருங்கள். புறாத்தீவுப் பவளத்தைத் தொடாதீர்கள், அது பாதுகாக்கப்பட்ட இடம். உப்புவெளி மணலில் கிடக்கிற வெறும் ஓடு போதும். கொஞ்ச நேரத்தில் ஓட்டின் விளிம்பில் பொடிக் குமிழ்கள் ஒட்டும், பிறகு ஒவ்வொன்றாக விட்டு மேலே வரும். கல்சியம் காபனேற்று 1, அசற்றிக் அமிலம் 2. கிடைப்பது கல்சியம் அசற்றேற்று, நீர், காபனீரொட்சைட்டு ஒவ்வொன்று. விளைவு மூன்று இருப்பதால் நான்கு வகையில் எதுவுமில்லை என்று பிள்ளை திகைப்பாள். உண்மையில் இது இரட்டை இடப்பெயர்ச்சிதான். துணை மாறியதில் உருவான காபோனிக் அமிலம் நிற்க முடியாமல் நீராகவும் வாயுவாகவும் பிரிந்துவிட்டது. எண் எதுவும் மாறவில்லை, ஆகவே பார்த்தே சமப்படுத்தலாம்.

இணையத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு விடயம். தமிழ்நாட்டுக் காணொளிகள் நல்லவை, ஆனால் கலைச்சொற்கள் வேறு. அங்கே வினை என்பது இங்கே தாக்கம். அவர்கள் தனிமம், சேர்மம் என்பது நமக்கு மூலகம், சேர்வை. ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் என்றால் ஒட்சியேற்றம், தாழ்த்தல். சிதைவு என்றால் பிரிகை. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இவற்றை இரண்டு நிரலாக எழுதி வைத்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

அந்தத் தாய்க்கு நான் சொன்ன முடிவு இது. சாதாரண தரத்தில் இருக்கிற பிள்ளை என்றால் பார்த்துச் செய்யும் முறையை மட்டும், பொட்டல உத்தியோடும் அரை எண் உத்தியோடும் பழகட்டும். உயர்தரத்துக்குப் போகும் பிள்ளை ஒட்சியேற்ற எண் போடும் விதிகளை முதல் இரண்டு கிழமைக்குள் முடித்துவிட்டு, நேரே அரைத்தாக்கத்துக்குப் போகட்டும். எழுத்துப் போடும் முறையைக் கைவிட வேண்டாம். அது வீட்டில் விடையைச் சரிபார்க்க உதவும், இல்மனைற்று மாதிரி நீண்ட சமன்பாட்டில் நேர்த்தியாக வேலை செய்யும். பரீட்சை மண்டபத்தில் அதை முதல் தெரிவாக எடுக்க வேண்டாம்.

பிள்ளையிடம் கேட்டது ஒன்றுதான்: ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் மேலே, எண் போடுவதற்கு முன், வகையை ஒரு சொல்லில் எழுத வேண்டும். "பிழையா எழுதினா என்ன ரீச்சர் செய்யிறது?" என்றாள். அழிக்காமல் பக்கத்தில் சரியானதை எழுதச் சொன்னேன். அடுத்த கிழமை கொண்டு வந்த கொப்பியில் இருபத்திரண்டு சமன்பாடு இருந்தது. ஏழில் வகை பிழை. அந்த ஏழில் ஐந்து, சேர்க்கை என்று மட்டும் எழுதித் தாழ்த்தேற்றத்தை விட்டவை. நாங்கள் அன்றைய வகுப்பை அந்த ஐந்திலிருந்து தொடங்கினோம்.